நடுக்கதை தெரியாதவன்

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் வலி இன்று பரவாயில்லை. தியேட்டரில் ஈ ஓட்டினோம். கிழிக்க டிக்கெட் இல்லாததால் நகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா இன்னும் என்னோடு நேராகப் பேசவில்லை. நானும் அவளும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம். அடுப்படியில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்: "அம்மா, அப்பாகிட்ட ரிமோட் இருக்கு. கேட்டு வாங்கிக் குடு." அவள் அம்மா கரண்டியோடு வந்து, என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, ஒரு முழம் தள்ளி இருக்கிற மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது என்னை ஒரு பார்வை. அந்தப் பார்வையை அணைக்க ரிமோட் எதுவும் கிடையாது.

எல்லாம் என் வாய்க் கொழுப்பு. ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம் சாப்பிட வந்திருந்தது. பாப்பா ஆசையாக அத்தையிடம் சொன்னாள் – அவளும் கூடப் படிக்கிற இரண்டு பெண்களும் சேர்ந்து ராப் குழு வைத்திருக்கிறார்கள், இருபத்தொன்பதாம் தேதி காலேஜ் ஹாலில் மேடை கிடைத்திருக்கிறது என்று. நான் சும்மா இருந்தேனா? "அது பாட்டு இல்லக்கா. மூச்சு விடாம திட்டுறது." எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதோடு விட்டேனா? "பாரு, திட்டுறதுக்கு ஒத்திகை பாக்கப் போறா" என்று இன்னொன்றும் போட்டேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

நாளைக்குப் புதுப் படம். மூன்று பையன்கள் சேர்ந்து ராப் குழு ஆரம்பித்துப் பெரிய ஆளான நிஜக்கதையாம். உலகத்தில் வேறு கதையே இல்லையா?

படம் விட்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு வீடியோ எடுத்து, தியேட்டரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவது வழக்கம். அதை எடுக்கிற ஆபரேட்டர் லீவு. மேனேஜர் என் கையில் ஒரு போனையும் மைக்கையும் திணித்தார்.

"சார், எனக்கு ராப்பும் தெரியாது, கேமராவும் தெரியாது."

"கேள்வி கேக்கத் தெரியுமில்ல? கல்யாணம் ஆனவன்தானே நீ?"

"பதில் சொல்லித்தான் சார் பழக்கம்."

மார்ச் 7, வெள்ளி

கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. "படம் எப்படி இருக்கு, படம் எப்படி இருக்கு" – கனவிலும் இதுதான் வரும்.

தொப்பி போட்ட ஒரு தம்பி: "வேற லெவல், அங்கிள்!" எந்த லெவல் என்று கேட்பதற்குள் ஓடிவிட்டான். ஒரு அம்மா: "பாட்டு நல்லா இருந்துச்சு. வார்த்தைதான் ஒண்ணும் பிடிபடல." நல்ல உடம்புள்ள ஒருத்தர்: "இடைவேளை வரைக்கும் தூங்கினேன். அதுக்கப்புறம் தூங்க விடல. அதனால நல்ல படம்." ஒரு பெண் மைக்கைப் பிடித்தாள், "அந்த அப்பா..." என்றாள், அழுதுகொண்டே போய்விட்டாள். அவளுக்குப் பின்னாலேயே வந்தவர், "அந்த அப்பா சீனை வெட்டி எறியணும் சார். இழுவை" என்றார்.

எந்த அப்பா? நான் பார்த்தவரையில் படத்தில் அப்பாவே கிடையாது.

ஆனால் நான் பார்த்தது எவ்வளவு? லேட்டாக வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து சீட்டுக் காட்டும் வரை முதல் கொஞ்சம் பார்ப்பேன். கதவைத் திறந்துவிட நிற்கும்போது கடைசிக் கொஞ்சம். இத்தனை வருஷ சர்வீஸில் எந்தப் படத்துக்கும் எனக்கு நடுக்கதை தெரியாது. ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள், கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் என்ன செய்து சமாதானம் ஆனார்கள் என்று கேட்டால் நான் முழிக்கவேண்டியதுதான்.

மார்ச் 8, சனி

மானம் போச்சு.

மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். "ஏன்யா, ஜனங்க எங்க?" வீடியோவைப் போட்டுக் காட்டினார். முழுக்க முழுக்க என் மூஞ்சி. கேமராவை என் பக்கம் பார்க்க வைத்து எடுத்திருக்கிறேன்! குரல் எல்லாம் அவர்களுடையது; முகம் மட்டும் என்னுடையது. தலையாட்டுகிறேன். புருவத்தைத் தூக்குகிறேன். அந்தப் பெண் அழும்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். நடுவில் ஒரு கொட்டாவி வேறு – அதை யார் பேசும்போது விட்டேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வேறு வீடியோ இல்லாததால் அதையே போட்டுவிட்டாராம்.

மார்ச் 9, ஞாயிறு

படத்தை விட என் மூஞ்சி நன்றாக ஓடுகிறது. டிக்கெட் கவுண்டர் அக்கா, ஜனங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். "இந்த அங்கிள் மூஞ்சிதான் சரியான விமர்சனம்." "கொட்டாவிக்கு மட்டும் அஞ்சு ஸ்டார்." இனிமேலும் இப்படியே எடுக்கணும் என்று மேனேஜர் உத்தரவு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாப்பா ரூமிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"வளைஞ்ச அம்பு மாதிரி ஒரு பட்டன் இருக்கும்ப்பா. அதை அமுக்கினா கேமரா திரும்பும்."

அம்மா வழியாக இல்லை. நேராக. என்னிடம்! "சரிம்மா" என்றேன். வாயில் ஒரு ஜோக் வந்தது, மென்று முழுங்கினேன். அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

இந்த அப்பா என்னை விடமாட்டான் போலிருக்கிறது. இப்போதெல்லாம் "படம் எப்படி இருக்கு" என்று கேட்பதில்லை. "அந்த அப்பா ஏன் அப்படிப் பண்ணான்?" என்றுதான் கேட்கிறேன். எப்படிப் பண்ணான் என்றே தெரியாமல் கேட்பதில் எனக்கு நிகர் நான்தான்.

துண்டு துண்டாகச் சேர்த்ததில் இவ்வளவு தேறியது: மூவரில் ஒரு பையனின் அப்பா லாரி ஓட்டுகிறவர். மகனுடைய முதல் மேடைக்கு வருகிறார். வாசல் வரை வந்து, உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறார். ஏன் என்று படத்தில் சொல்லவில்லையாம்.

பேங்கில் வேலை பார்க்கிற அம்மா: "திமிரு சார். பையன்கிட்ட இறங்கிப் போக மனசு வரல." பஸ் கண்டக்டர் ஒருத்தர்: "அவருக்கு ட்யூட்டி இருந்திருக்கும்." புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று என் மைக்குக்கு முன்னாலேயே சண்டை. அவன், "வெட்கப்பட்டுட்டார்" என்கிறான். அவள், "எங்க வீட்டு ஃபங்ஷனுக்கு வந்தப்போ நீ உள்ள வராம வாசல்லயே நின்னியே, அதுவும் வெட்கமா?" என்கிறாள். நான் மைக்கை மெதுவாக இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

பாப்பாவிடமே கேட்டுப் பார்த்தேன். "அந்த அப்பா சீன் என்னன்னு சொல்லேன்."

"மூணு தடவை பாத்துட்டேன். சொல்லமாட்டேன். நீங்க தியேட்டர்லதானே வேலை பாக்குறீங்க?"

"கதவுலம்மா."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்குக் காட்டக்கூடாதாம்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாவது வாரம். என் மூஞ்சியால்தான் என்று மேனேஜர் சொல்கிறார். இதே மூஞ்சியைத்தான் இத்தனை வருஷமாகக் கதவில் வைத்திருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

லீவு போட்டுப் படம் பார்த்தேன். நான்!

கவுண்டர் அக்காவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "யாருக்கு டிக்கெட்?" "எனக்கு." "எதுக்கு? வீட்டுல சண்டையா?" பொய் சொல்வானேன், தலையாட்டினேன்.

உட்காரத் தெரியவில்லை எனக்கு. விளக்கு அணைந்த பிறகு இரண்டு பேர் தடுமாறிக்கொண்டு வந்தார்கள். கை தானாக டார்ச்சைத் தேடியது. எழுந்து போய் சீட்டுக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "யோவ், உக்காருய்யா!" என்று கத்தினான். ஊரையே உட்கார வைத்தவனுக்கு இது வேண்டியதுதான்.

அந்த சீன் வந்தது. சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வருகிறான் மனுஷன். கதவைத் தள்ளுகிறான். உள்ளே கும்மிருட்டு. கலர் கலராக வெளிச்சம் சுற்றுகிறது, எல்லோரும் நின்றுகொண்டு கத்துகிறார்கள். ஒரு காலை உள்ளே வைக்கிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். காலை வெளியே எடுத்துவிடுகிறான். கதவு தானாக மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

வெளியே வந்தால், எனக்குப் பதிலாக மைக்கோடு பாப்கார்ன்காரன். "படம் எப்படிண்ணே?" அத்தனை பேர் வாயைக் கிண்டியவன் நான்; மைக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் சொன்னேன்:

"அவனுக்குத் திமிரும் இல்ல, வெட்கமும் இல்லப்பா. உள்ள இருட்டா இருந்துச்சு. எங்க உக்காரணும்னு தெரியல. யாராவது ஒரு லைட்டு அடிச்சு, 'இப்படி வாங்க'ன்னு கூப்பிட்டிருந்தா உள்ள போயிருப்பான். ஒருத்தரும் கூப்பிடல."

மார்ச் 19, புதன்

அதையும் போட்டுவிட்டார்கள். "அங்கிளுக்கு உலகமே டார்ச்சுதான்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

பாப்பா ரூமுக்குள் மேசையில் தாளம் தட்டும் சத்தம். "அவ அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாக்குறா" என்றாள் என் வீட்டுக்காரி, காய்கறிக் கூடையிடம் சொல்வதுபோல.

மார்ச் 22, சனி

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஜோக் சேர்க்காமல். "அன்னைக்கு நான் பேசினது தப்பு பாப்பா."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அத்தை முன்னாடி சொன்னதை இங்க தனியா வந்து தப்புன்னா? அத்தைக்கு எப்படித் தெரியும்?"

நியாயம்தான். அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில்.

"அக்கா, அன்னைக்கு சாப்பிடும்போது நான் சொன்னது தப்புக்கா."

"எதுடா? நீ நிறைய சொன்னியே."

"பாப்பா பாடுறதைத் திட்டுறதுன்னு சொன்னேனே."

"ஓ, அதுவா. அப்ப அது என்னடா?"

"தெரியலக்கா. இன்னும் கேக்கவே இல்ல. கேக்காமலே சொல்லிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி போய்க் கேட்டுட்டுச் சொல்றேன்... கூப்பிட்டாங்கன்னா."

பாப்பா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "கூப்பிடுறதைப் பத்தி யோசிக்கணும்."

மார்ச் 27, வியாழன்

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பாஸ் இருக்கிறது. அவள் அம்மாவுக்கு. ஒன்றே ஒன்றுதான். ஃப்ரிட்ஜுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன் – முழங்கால் பிடித்துக்கொண்டது. அங்கேயும் இல்லை.

மார்ச் 29, சனி

அவள் அம்மாவைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினேன். கொண்டுபோய் விடுகிறவன் எதற்குச் சட்டையை அயர்ன் பண்ணினான் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் ஹால் கதவுக்கு வெளியே நின்றேன். கதவில் நிற்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உள்ளே விளக்கு அணைந்தது. கத்தல். கலர் வெளிச்சம். கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தேன் – ஒன்றும் தெரியவில்லை. போய்விடலாமா? டீ குடித்துவிட்டு வரலாமா? வெளியில் இருந்தே கேட்டால் ஆகாதா?

மூஞ்சியில் பளீரென்று போன் வெளிச்சம்.

"சார், டிக்கெட்?"

பாப்பா. மேடைக்குப் போட்டிருந்த பெரிய சட்டை, தொப்பி.

"இல்லீங்க."

"இல்லாம எப்படி உள்ள விடுறது?" பாக்கெட்டிலிருந்து ஒரு பாஸை எடுத்தாள். என் கண் முன்னாலேயே சர்ரென்று கிழித்து, பாதியை என் கையில் வைத்தாள். "கிழிச்சாச்சு. இனிமே திருப்பித் தரமுடியாது. காலைப் பாத்து வைங்க. இப்படி வாங்க."

எனக்கு முன்னால் தரையில் வெளிச்சம் அடித்துக்கொண்டே நடந்தாள். அவள் அம்மாவுக்குப் பக்கத்து சீட், மேலே கைப்பை போட்டு வைத்திருந்தது. என் வீட்டுக்காரி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் – அவளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது, கள்ளி!

பிறகு மூன்று பெண்களும் மேடையில். வார்த்தை பாதி எனக்குப் பிடிபடவில்லை, சத்தியமாக. ஆனால் இது மட்டும் பிடிபட்டது, ஏனென்றால் பாப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஊரே உக்காரும் சீட்டுக்கு வழி காட்டும் லைட்டு,
உள்ளே என்ன கதைன்னு கேட்டா அப்பாவுக்கு டவுட்டு!"

ஹாலே சிரித்தது. என் வீட்டுக்காரி இடுப்பில் இடித்தாள். முடியப்போகிற நேரத்தில் கதவைத் திறந்துவிட வேண்டுமே என்று உடம்பு தானாக எழுந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

காலையிலேயே அக்கா போன். "என்னடா, எப்படி இருந்துச்சு?"

பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கேமரா சரியான பக்கம்தான் இருந்தது.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லவா, நடுவுலேர்ந்து சொல்லவா?" என்று கேட்டேன்.