திரையில் நின்ற பூஜ்யம்

செவ்வாய், மழை.

செம்பனைக் குலைகளை நீராவியில் அவிக்கும் மூடிய தொட்டியின் அழுத்தத்தைக் காட்டுவதற்கென்றே எங்கள் பாமாயில் ஆலையில் ஒரு கணினி இருந்தது. “சும்மாதானே கிடக்கு, லோரி எடை போடுற புரோகிராமையும் அதுலயே போட்டுரு லா,” என்றார் மேனேஜர். போன வாரம் போட்டேன்.

இன்று லோரிகள் ரோடுவரை நின்றன. கணினி திணறி உறைந்துவிட்டது. முந்தைய குலைகள் அவிந்து முடிந்தபோது வந்த பூஜ்யமே திரையில் நின்றது; தொட்டிக்குள் புதிதாக நீராவி ஏறியிருந்தது. ஷிஃப்ட் மாறி வந்த முருகையா அண்ணன் தொட்டியின் கதவைத் திருகத் தொடங்கினார். சீறல் கேட்டுப் பின்வாங்கினார்.

“பூஜ்யம்னுதான காட்டுது, தம்பி?”

மேனேஜர், “ஒன்னும் ஆகலையில்ல. லோரிங்க போகட்டும், எடை புரோகிராமை அப்புறம் வேற கணினிக்குப் பிரிச்சுக்கலாம்,” என்றார்.

வீட்டில் மனைவி குக்கரைத் திறக்கச் சொன்னாள். வெயிட்டைத் தூக்கிப் பார்த்தேன், சத்தமில்லை. மூடிக்குக் கை போகவில்லை. அவளே வந்து திறந்தாள்.