சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை

ஜூலை 8, செவ்வாய். புழுக்கம்.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மேனாம்பேடு முழுக்கப் பேச்சு. தவறு. தரை காய்ந்திருந்தது. முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, சுவர் சுற்றியது, அதன் பிறகுதான் விழுந்தேன். மூளைத்தண்டில் பக்கவாதம். மூளை கழுத்தோடு சேரும் இடம், கட்டைவிரல் அளவுதானாம். புத்தி போகவில்லை. போனது பேச்சும் விழுங்கும் சக்தியும். ஐந்து வாரமாக மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர்.

எதிர் வீட்டு விமலா வந்தாள். என் முகத்துக்கு நேரே என் மகன் சேகரிடம், "பாவம், ஆள் தெரியுதா அவங்களுக்கு?"

என்னைப் பார்த்துக்கொள்ள வரும் மல்லிகா விடவில்லை. "இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? நீ வாங்கிகினு போன குக்கர் எங்கன்னு காலைலதான் எழுதிக் காமிச்சாங்க."

ஜூலை 9.

காலையிலிருந்து விக்கல். இடது கன்னம் மரத்த கட்டை. வலது காலில் வெந்நீர் சுடவில்லை. மல்லிகா தன் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டே ஊற்றுகிறாள்.
தலையணை உறை: மாற்றவில்லை. ஜன்னல் கம்பி: தூசு.

ஜூலை 10. ஆஸ்பத்திரி.

டாக்டர்: "பி.பி. ஏறி, ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?"

சேகர்: "எங்கம்மா கடிகாரம் சார். ஒரு நாள் தப்ப மாட்டாங்க."

பேனா கையில்தான் இருந்தது. எழுதவில்லை.

இங்கே எழுதுகிறேன். என் கணவர் போனதிலிருந்து திங்கள், வெள்ளி, கிருத்திகை விரதம். மாத்திரைச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று இருந்தது. பாலும் பழமும் சாப்பாடு அல்ல. ஆகவே அன்று மாத்திரை இல்லை. ஆறு வருடம். விதிப்படி நடக்கிறேன் என்ற பெருமை வேறு. யாரையும் கேட்கவில்லை.

கிளம்பும்போது வராந்தாவில் டாக்டரும் சேகரும் தனியாக. என் காதில் விழுந்தது: "வயித்துல குழாய்", "நிரந்தரமா".

ஜூலை 11. வெயில்.

சேகரிடம் ஜாடையில் கேட்டேன். "சீக்கிரமே சாப்பிடுவீங்கம்மா. தீபாவளிக்கு நீங்கதான் வடை சுடணும்." மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான்.

மல்லிகா துணி உலர்த்தப் போனபோது ஒரு ஸ்பூன் தண்ணீர் வாயில் விட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. மூச்சு நின்று திரும்பியது. ஓடி வந்தாள். "ஐயோ, இன்னா வேல செஞ்சிக்கீற நீ!"

இதுவரை 'நீங்க'தான். திருத்தவில்லை.

ஜூலை 12.

இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கிறேன்.

சேகர், விரத நாட்களில் நான் மாத்திரை போடவில்லை. டாக்டரிடம் சொல். வராந்தாவில் அவர் சொன்னதை என்னிடம் சொல். இனி வாயால் சாப்பிடுவேனா, மாட்டேனா? வயிற்றில் குழாய் வைப்பதானால் முதலில் என்னைக் கேட்க வேண்டும்.

பேச்சில் வேண்டாம். கீழே எழுதி, தேதி போட்டுக் கொடு.