ஞாயிறு பூசையில் வாசித்த பெயர்

பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

சூளையில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிடாதீர்கள். பிளெஸ்ஸி தூங்குகிறாள், ஸ்கூல் வேனுக்குக் கிளப்பிவிடுங்கள். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. காரச் சட்னி அவளுக்கு வேண்டாம். நான் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து, ஜங்ஷன் பக்கம் இங்கிலீஷ் கிளாஸுக்கும் போய்விட்டுத்தான் வருவேன்.

‘நர்ஸ் செலின் அயர்லாந்து வேலைக்குப் போக’ என்று பூசையில் வேண்டிக்கொள்ளக் கருத்து எழுதிக் கொடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஃபாதர் அதை மைக் பிடித்து வாசித்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம், “எப்பங்க கெளம்பறீங்க?” என்கிறார்கள். இனிமேல் எந்த முகத்தோடு போகவில்லை என்பேன்? பிளெஸ்ஸி காதிலும் இந்தச் சேதி அங்கேதான் முதலில் விழுந்தது.

நேற்று கிளாஸில், இரண்டு கமாவுக்கு நடுவே கூடுதல் தகவல் வைத்து எழுதச் சொன்னார்கள். ‘நான், ஐந்து வயது மகள் உள்ளவள், அயர்லாந்து போகிறேன்’ என்று இங்கிலீஷில் எழுதினேன்.

“சூப்பருங்க! நடுவுல இருக்கறத எடுத்துட்டாலும் வாக்கியம் அப்படியே நிக்குது பாருங்க” என்றார் மிஸ். எல்லோரும் கை தட்டினார்கள்.

நாளைக்கு ஷிஃப்டை யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். பேச வேண்டும்.

செலின்

சிலிண்டரை மூடிவிட்டேன்.

இன்னொன்று. என் டூட்டி ஷூவை பிளெஸ்ஸி அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பார்த்தும் எடுக்கவில்லை, செருப்போடு போகிறேன். நீங்களும் எடுக்காதீர்கள்.