தாழிக்குள் சொன்ன பாடம்

மதினி,

காலையில் உங்கள் மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். கூட வேலை பார்க்கிறவர்களை அழைத்துக்கொண்டு பொங்கலுக்கு வருகிறானாம். "அத்தை, நம்ம பக்கம் பாக்குற மாதிரி மியூசியம் எது எதுன்னு சொல்லுங்க. மில்லுக்குன்னு ஏதும் இருக்கா?" என்று கேட்டான். நான் அப்போது குழாயடியில் நின்றிருந்தேன். குழாய் வாயில் கட்டிய வேட்டித் துணி வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் குடத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டில் பகலில் தூங்குகிறவர் யாருமில்லை. ஆனாலும் அந்தத் துணி நைந்தால் வேறொன்று கட்டிவிடுகிறேன்.

அந்தப் பழக்கம் மில் லைன் வீட்டில் வந்தது. ஒற்றை அறை, அதை ஒட்டி அடுப்படி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அண்ணன் நடு அறையில் படுத்துவிட்டால், வீடு முழுக்க அவர் தூக்கத்துக்குத்தான் சொந்தம். மில் கழிவுப் பஞ்சைக் கதவு இடுக்கில் திணிப்பீர்கள். ஏனங்கள் முட்டிச் சத்தம் வராதபடி நடுநடுவே வைப்பீர்கள். தாளிப்பது கிடையாது, கடுகு வெடிக்குமே. நான் டம்ளரை வைத்தால்கூட உங்கள் விரல் உதட்டுக்குப் போகும். "பைய, ஏட்டி, பைய. அண்ணன் தூங்குதாவ."

கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் பேசினால் அடுத்த லைனுக்குக் கேட்கும் என்று கேலி செய்வார்கள். பிறகு, அண்ணன் பகல் ஷிப்ட் போகும் வாரங்களிலும் கிசுகிசுத்துத்தான் பேசினீர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ராவெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற மனுஷனை என்ன சொல்ல? மில் அவரைப் பிடித்து வைத்திருந்தது. அவருடைய தூக்கம் உங்களைப் பிடித்து வைத்திருந்தது.

நான் கல்லூரியில் படித்த தொண்ணூறுகளில், பாளையங்கோட்டையில் ஒரு நர்சரி பள்ளிக்கு டீச்சர் வேண்டுமென்று தோழி சொன்னாள். நீங்கள் டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தவர். உங்கள் கண்ணில் அன்றைக்குப் பார்த்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அண்ணன் அசந்து தூங்கியதும் கிளம்பினோம். "மியூசியம் பாக்கப் போறோம்னு அவியகிட்டச் சொல்லியிருக்கேன். சொன்னது பொய்யாயிரக் கூடாது, திரும்பையில அங்கயும் ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்றீர்கள். பொய் சொல்லக்கூட உங்களுக்குத் துணிச்சல் இல்லை, மதினி.

பள்ளி ஜன்னலுக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டீச்சர் நல்லவிதமாகத்தான் கேட்டார். "கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேக்கணும். ஆனா ஆவன்னா சொல்லிக் காட்டுங்கம்மா." நீங்கள் கரும்பலகையருகே நின்று வாயைத் திறந்தீர்கள். காற்றுதான் வந்தது. "இன்னும் சத்தமா." கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, சத்தம் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. "சரிம்மா, சொல்லி அனுப்புதோம்" என்றார். அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

சொன்னபடியே மியூசியத்துக்குப் போனோம். வராந்தாவில் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளை வைத்திருந்தார்கள். உங்களை எப்படியாவது பேசவைக்க வேண்டுமே என்று, எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னேன். "இதுக்குள்ள ஆளைக் குத்த வச்சுப் பொதைப்பாங்களாம், மதினி."

"உயிரோடயா?"

"செத்த பெறவுதான்."

"அப்பம் பரவாயில்ல" என்றீர்கள்.

சொல்லிவிட்டு, விளிம்பு உடைந்த பெரிய தாழிக்குள் தலையைக் குனிந்தீர்கள். "அம்மா! ஆடு! இலை! ஈ!" வராந்தா அதிர்ந்தது. உங்களுக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்ததா என்று நான் மிரண்டு போனேன். காவலாளி ஓடிவந்தார். "ஏம்மா, அதுக்குள்ள என்ன செய்யுதிய?"

"பாடம் எடுக்கேன், அண்ணாச்சி."

சொல்லும்போது சிரித்தீர்கள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. அவர் என்ன நினைத்தாரோ, திட்டாமல் போய்விட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மில் சங்கு ஊதியது. "ஓடுட்டி, எந்திரிச்சிருப்பாவ" என்றீர்கள். மறுபடியும் அதே கிசுகிசுப்பு.

மறு வருஷம் உங்கள் மகன் பிறந்தான். உங்கள் மடியில் வளர்ந்ததாலோ என்னவோ, அழுவதற்குக்கூட அக்கம்பக்கம் பார்த்து அழும் பிள்ளை. பின்னால் மில்லை மூடினார்கள், சங்கும் நின்றது. எல்லாரையும்போல அண்ணனும் ராத்திரியில் தூங்க ஆரம்பித்தார். உங்கள் குரல் மட்டும் திரும்பவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் ஏதோ சொன்னதைக் கேட்க, உங்கள் வாயருகே காதை வைக்க வேண்டியிருந்தது. "லைட்ட அணைச்சுட்டு நீ படு" என்றுதான் சொன்னீர்கள்.

மில்லுக்கு மியூசியம் கிடையாது என்று உங்கள் மகனிடம் சொன்னேன். ஆதிச்சநல்லூரில் இப்போது கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளைக் குழிக்குள் இருந்தபடியே காட்டுகிறார்கள். அங்கே போகலாம், அப்படியே கொற்கைக்கும் போகலாம், ஆனால் முதலில் பாளையங்கோட்டை மியூசியம் என்றேன். "அம்மா அங்க போயிருக்காளா?" என்று கேட்டான். அங்கேதான் நீங்கள் சத்தம்போட்டுப் பாடம் எடுத்தீர்கள் என்றேன். "அம்மா சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல, அத்தை" என்றான்.

உங்கள் முழுக் குரலும் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை அவனுக்கு எப்படிக் கொடுப்பேன்? அந்தத் தாழியருகே அவனை நிறுத்திவைத்து, நானே குனிந்து நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வீட்டில் யாருமில்லாதபோது, குழாய்த் துணியை அவிழ்த்துவிட்டு, காலிக் குடத்துக்குள் குனிந்து "அம்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.

காற்றுதான் வந்தது, மதினி.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. துணியைத் திரும்பக் கட்டவில்லை.