தேடினால் வராத கடை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நலம், கடையும் நலம். கடையின் நலத்தைப் பற்றித்தான் உனக்குச் சந்தேகம் என்பதால் அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஒப்புக்கொண்டால் நடக்கச் சொல்லிவிடுவேன் என்று என்னைக் கண்டால் மட்டும் நொண்டுகிறார். துவைத்த பிறகும் சட்டையில் ஈர நாற்றம் அடிக்கிறது, ஆபீஸில் பக்கத்து சீட்காரன் முகம் சுளிக்கிறான் என்று போன மாதம் சொன்னாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது நடக்காது, முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு நீ சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடமாக இருக்கிறது. மாசக் கடைசியோட கடை ஒப்பந்தம் முடியுதும்மா, புதுசா கையெழுத்துப் போடாதே, சாமானையெல்லாம் வித்துட்டு ரெண்டு பேரும் இங்கே வந்துடுங்க என்றாய். சரி, பிள்ளைப் பாசம் என்று வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம், இப்பல்லாம் வாஷிங் மெஷின் கெட்டுப் போனா போன்ல தேடித்தான் ஆளைக் கூப்பிடுறாங்க, தேடினா வராத கடை இருந்தா என்ன இல்லாட்டி என்ன என்றாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. சர்வீஸ் சென்டரில் போன் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு நான் ஆரம்பித்த கடை இது. பதினொரு வருஷம் ஓடிய கடை ஆறே மாதத்தில் ஏன் தேடினால் வராமல் போனது என்று என்றைக்காவது யோசித்தாயா? நீ ஆசையாகப் பிடித்துக் கொடுத்த ஆளால்தான் போனது. உன்னைக் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பேர் முதல் பக்கம். வாயைத் திறந்தால், ஆன்ட்டி, போன்ல தேடினா உங்க கடையை முதல் பக்கத்துல கொண்டு வந்துடுவேன், அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வெப்சைட் என்று ஒன்று போட்டான். அதில் சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் என்ற நாலு வார்த்தையை எத்தனை தடவை எழுதியிருந்தான் தெரியுமா, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு தடவை. என்னப்பா மந்திரமா ஓதுறே என்று கேட்டேன், தேடுற கம்பெனிக்குப் பிடிக்கும் ஆன்ட்டி என்றான். படிக்கிற மனுஷனுக்குப் பிடிக்குமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பிறகு நாற்பது பேர் பாராட்டி எழுதிய மாதிரி அவனே எழுதிப் போட்டான். இருபது வருஷமா இந்தக் கடைதான் என்று ஒருத்தர், நம் கடைக்கே வயசு பதினொன்று. வீட்டுக்கு வந்த இளைஞர் மிகவும் பணிவானவர் என்று இன்னொருத்தர். நம் மெக்கானிக்கைத்தான், தோளில் எப்போதும் ரெண்டு மெஷின் பெல்ட்டைத் தொங்கவிட்டுத் திரிவதால் நீ பெல்ட் என்று பேர் வைத்தாயே, அந்த மனுஷனைத்தான் சொல்கிறான். அவருக்கு ஐம்பத்தாறு வயசு, பணிவு என்பது எந்தக் கடையில் விற்கும் என்று கேட்கிற ரகம். படித்துக் காட்டினேன், யாரு இந்தப் பொடியன், என் வேலைக்கு ஆள் வச்சிட்டீங்களா என்று என்மேல் பாய்ந்தார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் மேப்பில் நமக்கு ஆறு கிளை இருப்பதாகவும் காட்டியிருந்தான், அது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். மெஷினைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் கிளையைத் தேடிப் போயிருக்கிறாள், போய் நின்ற இடம் பல் டாக்டர் ஆஸ்பத்திரி. நம்பித்தானே வந்தேன், பொய் சொல்லிக் கூப்பிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா என்று கத்தினாள். கத்தட்டும் என்று நின்றேன். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. உள்ளே போய் அழுதுவிட்டு வந்துதான் அவள் மெஷினைத் திறந்தோம். அடுத்த வாரமே அந்தத் தேடுகிற கம்பெனிக்காரர்கள் பொய் விலாசத்தைக் கண்டுபிடித்து, கிளைகளோடு சேர்த்து நிஜக் கடையையும் மேப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு ரெண்டே போன். பெல்ட் இருந்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதும் உன் அப்பா மட்டும், பயப்படாதே, நாமதான் முதல்ல வர்றோம் என்று தெம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி என்கிறாயா? முதல் பக்கம் நம் கடைக்குள் கால் வைத்த நாளிலிருந்து தினமும் காபி குடித்ததும் தன் போனில் நாற்பது தடவை நம் கடைப் பேரைத் தேடித் தேடித் தட்டியிருக்கிறார், அப்படித் தட்டினால் கடை மேலே ஏறுமாம். அவர் தட்டியதில் அவர் போன் மட்டும் பழகிப் போய், இந்தப் பெரியவர் கேட்பது இதைத்தான் என்று நம் வெப்சைட்டையே முதலில் காட்டியிருக்கிறது. மருந்துக் கடைக்காரரிடம் பெருமை அடிக்கப் போய், அவர் வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று தன் போனில் தேடிக் காட்டினால் எத்தனை பக்கம் தள்ளினாலும் நம் கடை இல்லை. திரும்பி வந்த மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், அன்றைக்கு நிஜமாகவே நொண்டினார்.

முதல் பக்கத்தைக் கூப்பிட்டுக் கணக்கை முடித்து அனுப்பினேன். ஆன்ட்டி, உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்றான். மெஷினும் புரியாதுன்னுதான் சொன்னாங்க தம்பி, போய்ட்டு வா என்றேன். பிறகு என் நோட்டுகளை எடுத்தேன். போனில் ஜனங்கள் சொல்வதை அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதி வைப்பேனே, அந்த நோட்டுகள்தான். நாகரிகமாகத் திருத்தி எழுதினால் பெல்ட்டுக்கு நோய் பிடிபடாது, கரகரங்குது என்றால் ஒன்று, டொம் டொம்முங்குது என்றால் வேறு. பதினொரு வருஷத்தில் ஒருத்தர்கூடச் சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் வேண்டும் என்று கேட்டதில்லை. மெஷின் நடந்து நடந்து வாசல் வரைக்கும் வந்துடுச்சு, தண்ணி உள்ளேயே நிக்குது கதவு திறக்கலை, துவைச்ச துணி நாறுது. இப்படித்தான் கேட்கிறார்கள். போனில் இப்படிக் கேட்கிறவர்கள் தேடும்போது மட்டும் வேறு மாதிரியா கேட்பார்கள்?

நம் வெப்சைட்டில் அந்த வார்த்தைகளையே தலைப்பாகப் போட்டேன். ஒரு குறைக்கு ஒரு பக்கம், பேசினால் போனே எழுத்தாக்கிவிடுகிறதே, அப்படி நானே பேசிப் பேசி எழுதினேன், என் கையையே போட்டோ எடுத்துச் சேர்த்தேன். மெஷின் நடக்கிறதா, நாலு மூலையையும் அழுத்திப் பாருங்கள், ஆடுகிற காலைத் திருகி மட்டம் பண்ணுங்கள், புது மெஷின் என்றால் வண்டியில் வரும்போது ஆடாமல் இருக்கப் பின்னால் போட்ட போல்ட்டைக் கழற்ற மறந்திருப்பீர்கள், அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் எங்களைக் கூப்பிடுங்கள் என்று எழுதினேன். வைத்தியத்தை இலவசமா சொல்லிட்டா எவன் கூப்பிடுவான் என்று பெல்ட்கூட முறைத்தார். உனக்கும் சொன்னேன், அதையெல்லாம் யாரும்மா உட்கார்ந்து படிக்கப் போறாங்க என்றாய். எழுதினேன், யாரையும் கேட்கவில்லை. நாற்பது பொய்ப் பாராட்டையும் எடுக்க வைத்தேன். மேப்காரர்களுக்குப் போர்டு போட்டோவும் கரண்ட் பில்லும் அனுப்பினேன், ரெண்டு தடவை திருப்பினார்கள், மூன்றாவது தடவை கடையைத் திரும்ப வைத்தார்கள். பிறகு வேலை முடிந்த வீடுகளில், மனசுக்குப் பட்டதை எழுதுங்கள் என்று மட்டும் கேட்டோம். ஒரு அம்மா எழுதியிருக்கிறார், வந்தவர் சிடுசிடு, வேலை சுத்தம் என்று. அதைப் பெல்ட் தெருவில் போகிறவனுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். பல் டாக்டர் வாசலில் நின்றாளே, அந்தப் பெண்ணும் எழுதினாள். முதலில் ஏமாந்தேன், பிறகு மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்து கொடுத்தார்கள் என்று. ஏமாந்ததையும் எடுக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும்.

போன வாரம் பதினெட்டுப் போன். முதல் இடத்தில் இல்லை, பெரிய கம்பெனி விளம்பரம் கொடுத்து மேலே உட்கார்ந்திருக்கிறது, உட்காரட்டும். நேற்றுக் காலையில் கடை ஓனர் வீட்டுக்குப் போய் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உன்னைக் கேட்கவில்லை. கோபப்படுவதென்றால் படு, ஆனால் இதற்கு மேல் இருப்பதைப் படித்துவிட்டுப் படு.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் கூப்பிட்டாள். அத்தை, துவைச்ச துணி நாறுதுன்னு தேடினேன், ஒரு கை மெஷின் கதவு ரப்பர் வளையத்தை விரிச்சு உள்ளே இருக்கிற அழுக்கைக் காட்டுது, பெருவிரல்ல தழும்பு, இதை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு பார்த்தா உங்க கை என்றாள். கடல் தாண்டி இருக்கிற வீட்டில் என் கையை என் மருமகள் கண்டுபிடித்திருக்கிறாள். அதில் எழுதியபடியே வளையத்தைத் துடைத்து, கீழே இருக்கிற ஃபில்டரைக் கழுவி, வெறும் மெஷினைச் சுடுதண்ணீரில் ஒரு தடவை ஓட்டினாளாம். அவர்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம் அத்தை, நீங்களே சொல்லுங்க என்றாள். சட்டையை முகர்ந்து பார் கண்ணா. யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டாயே, உன் பெண்டாட்டி படித்தாள்.

ரெண்டு பேரும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் சேர்ந்தே இருக்க வேண்டும். துவைத்து முடிந்ததும் மெஷின் கதவைத் திறந்தே வை, சோப்புத் தூளை அள்ளிக் கொட்டாதே. லீவு கிடைத்தால் நீங்கள் இங்கே வாருங்கள், நாங்கள் அங்கே வருவதாக இல்லை. சந்தோஷத்தில் நம் கடைக்குப் பாராட்டு எழுதிப் போட்டுவிடாதே, சொந்தப் பிள்ளை எழுதினால் அதுவும் முதல் பக்கம் செய்த வேலைதான்.

இப்படிக்கு,
கடையை மூடாத உன் அம்மா