அப்பாவின் எட்டு விரல்கள்

திண்டிவனம்,
28-12-1961

அன்பும் மரியாதையும் உள்ள பெரியதம்பி அண்ணனுக்கு, தங்கை அம்சா வணக்கம் சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். போன கடிதத்தில் அப்படி எழுதவில்லை. 'யாவரும் நலம், அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லை, பம்பாய் மில் வேலையை விட்டுவிட்டு வந்து குவாரியில் அப்பாவின் மிஷினை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதியிருந்தேன். கையெழுத்து என்னுடையது, வாசகம் அம்மாவுடையது. 

அப்பாவுக்குக் குஷ்டம் என்று ஊர் சொல்கிறது. பத்து நாளாக அவர் வேலைக்குப் போகவில்லை. போகவிடவில்லை.

கார்த்திகை பிறந்ததும் காலை வேளையில் அப்பாவின் விரல்கள் சாக்குக்கட்டி போல வெளுக்கத் தொடங்கின. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவாள். ஒருநாள் குவாரியில் பீடி விரல்வரை எரிந்து வந்து சுட்டிருக்கிறது, அப்பாவுக்குத் தெரியவில்லை. கொப்புளத்தைப் பார்த்த சீனுவாசன் மேஸ்திரி, "இன்னா தொரக்கண்ணு, சுட்டதுகூடத் தெரியலையா? இது அந்த வியாதிதான்யா, ஜல்தி போய்க் காட்டு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். மறுநாள் நான் கூழ் கொண்டுபோனபோது, குவாரிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கெங்கம்மாள் அப்பாவுக்கு மட்டும் தனியாக ஓர் அலுமினியக் குவளையில் டீயை உயரத்திலிருந்து ஊற்றினாள். "கோச்சிக்காதண்ணே, நாலு பேரு வந்து போற எடம்" என்றாள். அப்பா தலையைத் தூக்காமல் குடித்தார். பாதி குடித்ததும் நான் அதைப் பிடுங்கி மீதியைக் குடித்துவிட்டேன். "ஐயோ, சின்னப் புள்ள தெரியாம குடிச்சிட்டுது" என்று என்னை இழுத்துப் போய் வாய் கொப்பளிக்க வைத்தார்கள். நான் தெரிந்துதான் குடித்தேன், அண்ணா.

எனக்கு வந்த கோபத்துக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பூகோள நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். கல்லில் வெடி வைக்கக் குழி போடும் அந்தக் காற்று மிஷினைப் பிடிப்பவர்கள் மூன்று பேர். அப்பாவுக்கு ஆறு வருஷம், எட்டு விரல்கள் வெளுக்கின்றன, கட்டை விரல்கள் இரண்டும்தான் பாக்கி. மாரியப்பன் மாமாவுக்கு நாலு வருஷம், மூன்று விரல்கள். அவற்றைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார், நான் கெஞ்சிய பிறகுதான் காட்டினார். வைகாசியில் சேர்ந்த வீரமுத்துவுக்கு வெளுப்பு இல்லை, ராத்திரியில் ஊசி குத்துவது போல இருக்கிறதாம். சுத்தியால் கல் உடைப்பவர்கள் பதினோரு பேர். அதே தண்ணீர்தான் குடிக்கிறார்கள், அதே கேப்பைக் கூழ்தான். ஒருவருக்கும் இல்லை. அப்பாவும் பன்னிரண்டு வருஷம் உளி பிடித்தவர்தானே, அப்போது ஏன் வரவில்லை?

குவாரியில் மணிக்கு ஒருமுறை தண்டவாளத் துண்டில் தட்டுவார்கள். அதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியப்பன் மாமாவைக் கணக்கிட்டேன். கல்லைத் துளைக்கும் கம்பியை மாற்றும் நேரம், சாப்பாட்டு நேரம் போக, ஆறரை மணி நேரம் அவர் கை அந்த மிஷினை விடவில்லை. நானும் அது ஓடும்போது கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். பல்லெல்லாம் அதிர்ந்தது. விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கை என்னுடையதாக இல்லை.

அந்த வாரமே எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குஷ்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டர் வந்தார். என் முறை வந்ததும் கேட்டேன், "குஷ்டமாக இருந்தால் மரத்துப்போவது காலையில் வந்து மத்தியானம் போகுமா, சார்?" என்று. அவர் சிரித்துவிட்டு, "யாரும்மா நீ, என் நாற்காலிக்கே வந்துடுவே போலிருக்கே" என்றார். நோட்டைக் காட்டினேன். அப்புறம் சிரிக்கவில்லை. அப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

வர மறுத்த அப்பாவை அழுது அழைத்துப் போனேன். டாக்டர் இறகாலும் குண்டூசியாலும் உடம்பெல்லாம் சோதித்தார். பிறகு கிணற்றுத் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். என் கண் முன்னாலேயே எட்டு விரல்களும் வெளுத்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்ததும் சிவந்தன. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். "இது குஷ்டமே இல்லை. யாருக்கும் ஒட்டாது. ஓயாமல் உதறும் மிஷினைப் பிடிப்பவர்களுக்கு விரலில் ரத்த ஓட்டம் நின்று நின்று வருவது" என்றார். ஒரே ஆள் நாள் முழுக்கப் பிடிக்கக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், மழுங்கின கம்பியைப் போட்டு அழுத்தக் கூடாது, கையை ஈரமில்லாமல் கதகதப்பாக வைக்க வேண்டும், பீடியை விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

குவாரியையும் ரோடு வேலையையும் எடுத்திருக்கும் கண்ட்ராக்டரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ட்ராக்டர் படித்தார். எழுத்துக் கூட்டியல்ல, நன்றாகவே படித்தார். "மிஷின்னா உதறாம தொட்டில் மாதிரி தூங்குமா? ஆள மாத்தி ஆள மாத்திப் புடிச்சிக்கினு இருந்தா ரோடு எப்போ முடியறது? போய் உம் புள்ளைய வரச் சொல்லு, வயசுப் பையன், தாங்குவான்" என்றார். காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. குஷ்டம் இல்லை என்று இந்த ஊரில் எழுத்தில் அறிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் குற்றம் மிஷினுக்கும் அவருக்கும் போய்விடும், அப்பாவின் தலையில் இருப்பதே அவருக்குச் சௌகரியம். 

இதை எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "உன் படிப்பைக் காட்டி அண்ணனைத் தடுத்துடாதடி, அப்புறம் உலையில இன்னாத்தப் போடறது?" என்று கேட்டாள். அவள் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். தினமும் காலையில் அப்பாவின் கைகளைத் தன் முந்தானைக்குள் வைத்துச் சூடேற்றுவது அவள்தான்.

அண்ணா, மிஷின் பிடிக்க நீங்கள் வர வேண்டாம். பத்து விரலோடு போனவர் நீங்கள். பொங்கலுக்கு லீவு போட்டு வந்தால் போதும். டாக்டரிடம் மறுபடி எழுதி வாங்கிய காகிதம் இதற்குள் இருக்கிறது, பத்திரம். வந்ததும் அப்பாவைக் கெங்கம்மாள் கடைக்கு அழைத்துப் போங்கள். அந்த அலுமினியக் குவளையிலேயே ஒரு டீ கேளுங்கள். அப்பா குடித்த மீதியை எல்லோரும் பார்க்க நீங்கள் குடியுங்கள். உங்களை யாரும் வாய் கொப்பளிக்கச் சொல்ல முடியாது. பிறகு அந்தக் காகிதத்தை உரக்கப் படியுங்கள். "பெரியதம்பி வந்து நின்னான்னா நாங்களும் கூட வர்றோம், மாத்தி மாத்திப் புடிக்க வெச்சாத்தான் மிஷினத் தொடுவோம்" என்று மாரியப்பன் மாமா சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியும். 'அவன் கையைப் பத்திரமா பார்த்துக்கச் சொல்லு' என்று மட்டும் எழுதச் சொன்னார்.

உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்சா

அம்மாவுக்குத் தெரியாமல் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். நேரமாகிவிட்டது என்று நூலகர் இரண்டு முறை சொல்லிவிட்டு இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்.