மச்சானுக்குப் போன சலுகைக் கார்

முத்தியால்பேட்டை,
ஜனவரி 8

மாதா துணை

அன்பு மகன் அமலநாதனுக்கு, அம்மா இங்கே முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறேன், பிரான்சுக் குளிரில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் சிக்னல் இல்லம்மா என்று மருமகள் கையில் கொடுத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் சின்னப்பொண்ணு உன்னை விசாரித்தாள், உங்க புள்ள பிரான்சுல காரே செய்யுறாராமே ஆயா என்றாள். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் உன் பெருமை பேசியிருப்பேன். இந்தத் தடவை சங்கரா மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன்.

ஏன் என்றால் போன ஞாயிற்றுக்கிழமை, அங்கே உன் ஊரிலேயே இருக்கிற உன் தங்கை மெரினோடு வீடியோவில் பேசினேன். அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், பேத்திதான் போட்டு உடைத்தாள், ஆயா, அம்மா பஸ்சுக்கு ஓடுறப்ப ஐஸ்ல வழுக்கி விழுந்துட்டாங்க, கை வீங்கியிருக்கு என்று. வீடு வீடாகப் போய்க் கிழட்டு வெள்ளைக்கார மதாம்களைக் குளிப்பாட்டி உடுத்துகிற வேலை அவளுக்கு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சரியான பஸ் கிடையாது, பழைய காரும் படுத்துவிட்டது. இந்த மாசத்துக்குள் கார் இல்லாவிட்டால் காலை வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவளும் சீட்டுப் போட்டுச் சேர்த்து, சீனாவிலிருந்து வருகிற சின்ன கரண்ட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். அதற்குள் ஐரோப்பாக்காரன் அந்தக் காருக்கு வரிக்கு மேல் வரி போட்டு, அவள் கைக்கு எட்டாத விலை ஆக்கிவிட்டான். சீ, என்ன நியாயம் இது. புகை விடாத கார் வாங்கு என்று ஊர் முழுக்கச் சொல்வானாம், ஏழைக்குக் கட்டுப்படியாகிற மாதிரி ஒன்று வந்தால் வாசலிலேயே மறிப்பானாம். சீன சர்க்கார் பணம் கொடுத்து விலையைக் குறைக்கிறது என்கிறாய், இருக்கட்டும், அது அவர்கள் இரண்டு பேர் சண்டை, அபராதத்தை என் மகளா கட்ட வேண்டும்?

அதைவிடக் குமட்டலாக இருப்பது நீ அவளிடம் பேசினது. அந்த வரியாலதான் எங்க வேல நிக்குது, மலிவுத் துணி வந்து அப்பா மில்லு எப்படி மூடிச்சின்னு மறந்துட்டியா, இன்னும் காசு சேத்து எங்க காரையே வாங்கு என்றாயாம். மில் மூடினதை நான் மறக்கவில்லை, உன் வேலை நிலைக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் மில்லில் ஆட்களுக்கு விலை குறைத்துக் கொடுத்த துணியை உன் அப்பா முதலில் எங்கே கொண்டுபோனார்? உப்பளத்தில் இருந்த அவர் தங்கை, உன் அத்தை வீட்டுக்கு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவர் கண்டுகொள்ளவே இல்லை. உன் கம்பெனியிலும் குடும்பத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு ஒரு கார் சலுகை விலையில் தருவார்கள் என்று நீதான் பீற்றிக்கொண்டாய். அதை யாருக்குக் கொடுத்தாய்? மச்சானுக்கு, உன் பெண்டாட்டியோடு பிறந்த டோனிக்கு. வாசலில் ஏற்கெனவே இரண்டு கார் நிற்கிற டோனிக்கு! மெரின் இதைச் சொல்லவில்லை, புதுக் காருக்கு மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளிக்கிற படத்தை டோனியே எனக்கு அனுப்பினான். சர்க்காருக்கு அவள் யாரோ. உனக்குமா?

சொல்கிறதைக் கேள். கம்பெனி பஸ் உன் தெருமுனைக்கே வருகிறது என்று எனக்குத் தெரியும், நீ அதில் வேலைக்குப் போ. உன் கார் சாவியை மெரினிடம் கொடு, அடுத்த சலுகைக் கார் அவள் பெயரில் வரும்வரை அது அவளிடமே இருக்கட்டும், பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்காதே. பிரஷர் மாத்திரையை விடாமல் போடு, பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அனுப்பு. உங்கள் எல்லாருக்கும் நெற்றியில் சிலுவை போட்டு என் ஆசீர்வாதம். ஒன்று மறந்துவிட்டேன், சாவியை நீட்டினால் மெரின் வாங்க மாட்டாள், ரோஷக்காரி. நீ வாக்குவாதம் செய்யாதே, மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போ.

உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள்,
ஆனந்தமேரி